முன்சக்கரமும் இழுக்க வேண்டும்

அக்டோபர் 3, வெள்ளி

பேச்சிமுத்துவின் ஜீப் நடு ஓடையில் உட்கார்ந்துவிட்டதாம். சேஸிஸ் பிளந்துவிட்டது, இனி ஒட்டுப் போடவும் இடமில்லை என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். மலைமேல் இருக்கிற கல்லடிக்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரே வண்டி அதுதான். செக்போஸ்ட்டோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஓடை, செம்மண் சேறு, வழுக்குப்பாறை. வேறு எந்த வண்டிக்காரனும் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான்.

எனக்கென்ன வந்தது? நான் வத்தலக்குண்டில் இருக்கிறேன். என் பிக்கப் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறது, அதில் என் வயிறு நிறைகிறது. அந்த மலையை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிறது.

அந்த ஆள் வாரம் இரண்டு தடவை அந்த ஜீப்பில்தான் இறங்கி டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அந்த ஆள் என்றால் தவசி. ரேஷன் கார்டில் இன்னும் என் கணவர்.

அக்டோபர் 4, சனி

பிரேக் சத்தம் போடுகிறது என்று காஜா பாயின் பட்டறைக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக, என் பிக்கப்பில் பின்சக்கரம் மட்டும்தானே இழுக்கிறது, முன்சக்கரமும் இழுக்கிற மாதிரி ஜீப் போல மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார், கீழே படுத்துப் பார்த்தார். முன்னால் இருக்கிற அச்சு வெறும் இரும்புக் கம்பி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே கிரவுன் பினியன் என்கிற பல்சக்கரங்கள் இருக்கிற ஜீப் அச்சைப் போட வேண்டும் என்றார். கியர் பெட்டிக்குப் பின்னால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி வைக்க வேண்டும். இழுவையை அச்சுக்குக் கொண்டுபோகிற பின்பக்க ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கி, முன்பக்கம் புதிதாக ஒரு ஷாஃப்ட் கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாக எழுதி வாங்குவது தனிக் கூத்து.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். மலை வாழையும் காபியும் மேலே தேங்கிக் கிடக்கும், முதலில் ஏறுகிறவளுக்குத்தான் லோடு என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், குரல்கூட மாறவில்லை.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "இழுக்குமான்னு கேட்டா இழுக்கும் தங்கச்சி. யாருக்காக இழுக்கணும்னு கேட்டா அத நீதான் சொல்லணும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரேக்கைப் பாருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பேச்சிமுத்து ஜீப்பை ஓடையிலேயே பிரித்து, முன் அச்சையும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் மூங்கிலில் கட்டி, ஆட்களை வைத்துச் செக்போஸ்ட் வரை தூக்கி வந்தான். நான் போய் ஏற்றிக்கொண்டேன். முந்தின நாள் அதே மூங்கிலில்தான் கம்பளித் தொட்டில் கட்டி அந்த ஆளைத் தூக்கி வந்தார்களாம். இனி வாரத்துக்கு ஒரு தடவைதான் தூக்க முடியும், ஆள் கிடைக்கவில்லை என்றான். டாக்டர் வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார். ஒன்று குறைந்தால் உடம்பில் நீர் கட்டும், மூச்சு வாங்கும், ஒரு நாள் நெஞ்சு நின்றுவிடும். பேச்சிமுத்து இதை எல்லாம் ஏன் என்னிடம் விளக்கமாகச் சொல்கிறான் என்று தெரியவில்லை.

வேறு ஜீப் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தானா என்று கேட்டேன். கேட்டானாம். ஓடையின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். டவுனில் யார் வீட்டிலாவது தங்கலாமே என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு, "எனக்கு அங்க யாரு இருக்கான்னு கேக்குறாருக்கா" என்றான்.

பேச்சிமுத்துவோடு பட்டறைக்கு வந்து அச்சை இறக்கியதும் பாய் அதன் நடுவில் உள்ள உருண்டையைத் தட்டிப் பார்த்து, இதைத் திறந்து பல் எண்ண வேண்டும் என்றார். முன் கிரவுனும் பின் கிரவுனும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு வேகம் போகும், பின்சக்கரம் ஒரு வேகம் போகும், நடுவில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். பேச்சிமுத்து தன் குலசாமி மேல் சத்தியம் செய்தான். கம்பெனியில் வந்த கிரவுன்தான், தான் வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லையாம். எதற்கும் திறந்து பார்த்துவிடலாம் என்றார் பாய்.

அக்டோபர் 8, புதன்

பின் ஷாஃப்டை வெட்டியாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று எதேச்சையாக அந்த டயாலிசிஸ் ஆஸ்பத்திரி வழியாகப் போக நேர்ந்தது. என் வண்டி பட்டறையில் கிடப்பதால் திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போயிருந்தேன். போல்ட் வாங்க. வத்தலக்குண்டில் கிடைக்காத போல்ட்.

அந்த ஆள் வெளியே சிமென்ட் பெஞ்சில் பேச்சிமுத்துவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, செருப்பைக் கையில் வைத்திருந்தார். ஒரு காலத்தில் அந்த மலை முழுக்க ஜீப் ஓட்டிய கால். எதிரே இளநீர்க் கடை இருந்தது. ஒன்று வெட்டச் சொல்லிவிட்டு, கிட்னிக்காரர்களுக்கு இளநீர் ஆகாது என்பது நினைவுக்கு வந்து, நானே குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவருடைய ஜீப் குடைசாய்ந்து, தோள்பட்டை இறங்கி, ஓட்ட முடியாமல் போனது. அப்போது நான் லைசென்ஸ் எடுத்தேன், கடனில் இந்தப் பிக்கப்பை எடுத்தேன். செக்போஸ்ட் டீக்கடையில் அத்தனை பேருக்கு முன்னால், பொம்பளை ஓட்டுகிற வண்டியில் ஏறுவதைவிடச் செத்துப்போகலாம் என்றார். சரி, ஏற வேண்டாம் என்று சொல்லி அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பிள்ளைகுட்டி இருந்திருந்தால் யாராவது நடுவில் நின்று பேசியிருப்பார்கள். அவர் கூப்பிட வரவில்லை. நான் போகவில்லை. அவ்வளவுதான் எங்கள் சண்டை, எழுதிப் பார்த்தால் நாலு வரிகூட வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜீப் அச்சு அகலத்தில் குறைவு. ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி நகர்த்தி ஒட்ட வேண்டியிருந்தது. பாய் வெல்டிங் அடிக்க, நான் எதிர்ப்பக்கம் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் பொறி.

சாயங்காலம் நாலு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியைத் தூக்கி, இன்ஜினைப் போட்டு, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் புது லிவரைத் தள்ளினார். நாலு சக்கரமும் சுற்றின. அவை நிற்கும்வரை நான் கீழே குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழைக்காய் லோடுக்காக இப்படிப் பார்ப்பார்களா என்று கேட்டால் பார்ப்பார்கள். வேலைப்பாடு அப்படி.

நாளைக்கு முன் கிரவுனைத் திறந்து பல் எண்ணிவிட வேண்டும் என்றார் பாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மழை பிடித்துவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

மழை. பட்டறையில் கரண்ட் இல்லை. முன் கிரவுன் மூடியின் போல்ட்கள் துருப்பிடித்து அசையவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறார். ஊறட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் பேச்சிமுத்து போன் செய்தான். தொட்டில் கட்டித் தூக்கி வந்தவர்கள் பாறையில் சறுக்கி விழுந்து, ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. அந்த ஆள் அங்கேயே இறங்கி, ஊன்றி ஊன்றி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இனி யாரும் என்னைத் தூக்க வேண்டாம், ஒருத்தன் பிழைக்க இன்னொருத்தன் சாக வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். இந்த வாரம் டயாலிசிஸ் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறார் என்றான்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். மூடியை இன்னும் திறக்கவில்லை. போல்ட்டை அடித்து உடைத்தால் அச்சே வீணாகும், இன்னும் இரண்டு நாள் கொடு என்றார் பாய். நான் கத்தினேன். பட்டறை அதிரக் கத்தினேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு, வா, கண்மாய்க்குள் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார்.

கண்மாய்ச் சேற்றில் முழங்கால் ஆழத்துக்கு வண்டி நீந்திப் போனது. முன்சக்கரம் சேற்றை வாரி எறிந்தது. மூன்று தடவை இறங்கி மூன்று தடவையும் ஏறினோம். பாய் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கிரவுனைப் பற்றி அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் செக்போஸ்ட் தாண்டினேன். பேச்சிமுத்து அங்கேயே காத்திருந்து ஏறிக்கொண்டான். ஓடையில் தண்ணீர் கதவு வரை வந்தது. லிவரைத் தள்ளினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுகரை ஏறியது. செம்மண் சேற்றிலும் அப்படித்தான். பேச்சிமுத்து தன் ஜீப்பைவிட நன்றாக ஏறுகிறது என்றான். எனக்குக் கர்வம் தலைக்கு ஏறியது.

வழுக்குப்பாறையில் அந்தக் கர்வம் இறங்கியது. சேறு இல்லாத வெறும் பாறை. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் முக்கியது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. அடியில் எங்கோ 'டொக் டொக்' என்று சத்தம். லிவரைப் பின்னுக்கு இழுத்தேன், வரவில்லை. நாலு சக்கர இழுவையிலேயே மாட்டிக்கொண்டது. எனக்குப் புரிந்துவிட்டது. சேற்றில் சக்கரம் வழுக்கிக் கொடுத்துவிடும், அதனால் கண்மாயில் தெரியவில்லை. பாறையில் வழுக்க இடமில்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டு வேகத்துக்கு மல்லுக்கட்டுகின்றன. பல் எண்ணாத பலன். பேச்சிமுத்துவிடம் சொல்லவில்லை. முக்கி முனகி ஊருக்குள் ஏற்றிவிட்டேன்.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, கண் சின்னதாகிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், முடியவில்லை. நான் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் "ஏறுங்க" என்றேன். அவர் ஏறினார். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் இன்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது.

இறங்கும்போது மழை வலுத்தது. பாறை வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன், முன்சக்கரம் திரும்ப மறுத்தது. வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்திவிட்டேன். முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் மிச்சம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். கிரவுன் சேரவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "ஒரு பக்க முன்சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்கு ஜெயா. முறுக்கு விட்டுரும். அப்புறம் முன் ஷாஃப்டக் கழட்டி எறி. பின்சக்கரம் போதும், எறக்கந்தான."

பேச்சிமுத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்தான். நான் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் நுழைந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கீழே இறங்கி, ஜாக்கி போடாத முன்சக்கரத்துக்கு எதிரே மழையில் உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல் நழுவினால் வண்டி அவர் மேல்தான் வரும். தள்ளிப்போங்க என்று கத்தினேன். அவர் நகரவில்லை.

"நீ அடியில கெடக்க. நான் எங்க தள்ளிப்போக?"

ஜாக்கியை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். சக்கரம் பாறையை விட்டதும் 'படார்' என்று ஒரு சத்தம், வண்டி முழுக்க ஓர் உதறு உதறியது. கல் அரை அடி நகர்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு போல்ட்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஷாஃப்டை ஓரமாக உருட்டிவிட்டு, அவரை அப்படியே அள்ளி சீட்டில் உட்கார வைத்தேன். அவ்வளவு கனத்திருந்தார், எல்லாம் தண்ணீர்.

வழியெல்லாம் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே வந்தது. எங்கே கியரைக் குறைக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவர் கால் மட்டும் தானாக அழுந்தியது. நான் அதற்கு முன்பே குறைத்திருந்தேன். ஓடையை இறக்கத்து வேகத்திலேயே தாண்டியபோது அவருக்குக் கண் சொருகிவிட்டது. பேச்சிமுத்து அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் திட்டினார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

கண் விழித்தார். கஞ்சி கேட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வண்டி சரியாகும்வரைதான் என்று அவர் சொன்னார், நானும் அதைத்தான் சொன்னேன். ஒரே அறை. தரையில் பாய் விரித்து நான் படுத்துக்கொள்கிறேன், கட்டில் அவருக்கு.

அக்டோபர் 24, வெள்ளி

காஜா பாய் ஒருவழியாக முன் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது கம்பெனி கிரவுன் இல்லை. மலை ஜீப்காரர்கள் இழுவை கூட வேண்டும் என்று வேகத்தைக் குறைக்கிற கிரவுனை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவார்கள். பேச்சிமுத்துவுக்கு முந்தின ஆள் யாரோ போட்டிருக்கிறான். மாற்றிப் போட்டது பாயின் அப்பாவாகக்கூட இருக்கலாமாம், அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான் செய்வார். பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார், நான் உன்னைக் கொல்லப் பார்த்தேனே தங்கச்சி என்றார். நான்தான் பாய் அவசரப்பட்டேன் என்றேன். பின் கிரவுனுக்குச் சேர்கிற கிரவுன் மதுரையில் தேடிச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 29, புதன்

வாரம் மூன்று தடவை வரச் சொல்லிவிட்டார்கள். இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். வீக்கம் வடிந்து செருப்பு காலுக்குச் சேர்கிறது. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து, மலை தெரிகிற பக்கமாகப் பார்க்கிறார். காபி பழுக்கிற நேரம், நான் மேலே இருக்க வேண்டும் என்கிறார். மேலே போனால் மறுபடி மழை, மறுபடி தொட்டில். அதைச் சொன்னால், அது என் பாடு என்கிறார். கிரவுன் வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

மதுரையிலிருந்து கிரவுன் வந்துவிட்டது. பாய் என் கண் முன்னால் பல் எண்ணினார், நானும் எண்ணினேன். கச்சிதமாகச் சேர்கிறது. மழை விட்டதும் பாறையில் கிடக்கிற ஷாஃப்டையும் எடுத்துவந்து, ஒரே நாளில் மாட்டிவிடலாம், அப்புறம் எந்தப் பாறையிலும் பயமில்லாமல் ஏறலாம் என்றார்.

மாட்ட வேண்டாம் பாய், அலமாரியில் வையுங்கள் என்றேன்.

பாய் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். இத்தனை பாடுபட்டு வண்டியை மாற்றியது இதற்கா என்று நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்த வண்டி ஏறினால் அவர் போய்விடுவார். ஏறாவிட்டால் இருப்பார், உயிரோடும் இருப்பார். எனக்கு அவர் வேண்டும். எழுதிவிட்டேன்.

ராத்திரி கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

டீசல் ஃபில்டர் மாற்றப் பட்டறைக்குப் போனேன். பாய் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில் அவர் பட்டறைக்கு வந்தாராம். அலமாரியில் இருந்த கிரவுனைத் தானே எடுத்துத் துணியைப் பிரித்துப் பார்த்தாராம். பல்லை எண்ணினாராம். இது என்றைக்கு வந்தது என்று கேட்டிருக்கிறார், பாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு, நான் பார்த்ததை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிப் போனாராம்.

வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தேன் என்று தெரியவில்லை. வியாழக்கிழமைக்கு அப்புறமும் அவர் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.

உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது இன்றைக்கும் கேட்டார், கிரவுன் வந்துவிட்டதா என்று. நான் திரும்பாமல், இன்னும் வரவில்லை என்றேன்.

"மெதுவா வரட்டும் புள்ள" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."